முட்டை அறையின் கதவு

"அன்பான சகோதரி, இன்று நீங்கள் ஓய்வெடுக்கலாம்" என்றது கதவு.

சர்க்கரைப் பாகில் முக்கியெடுத்த மாதிரி ஒரு பெண் குரல். கோமளவல்லி மணிக்கட்டில் இருந்த பட்டையைப் புடவைத் தலைப்பில் துடைத்துவிட்டு மறுபடியும் காட்டினாள். மறுபடியும் சிவப்பு விளக்கு, மறுபடியும் அன்பான சகோதரி. அவளுக்குப் பின்னால் வரிசையில் பத்துப் பெண்கள் நின்றிருந்தார்கள். பத்துப் பேருக்கும் இப்போது தெரிந்துவிட்டது. கட்டின புருஷனிடம்கூட வாய்விட்டுச் சொல்லாத சங்கதியை, காலை எட்டு மணிக்கு, ஊரறிய ஒலிபெருக்கி வைத்துச் சொல்கிற கதவு அது.

"எனக்கு இன்னும் வரவே இல்லக்கா" என்று கோமளா தன் ஓர்ப்படியைத் திரும்பிப் பார்த்தாள். "சத்தியமா வரல. நாளைக்குத்தான் தேதி."

"உனக்குத் தெரியறதுக்கு முன்னாடி அதுக்குத் தெரிஞ்சிடுதுடி, பேமானிக் கதவு" என்றாள் தனபாக்கியம். உடம்புச் சூடு கால் டிகிரி மாறினால்கூடப் பட்டை மோப்பம் பிடித்துவிடும்.

தனபாக்கியம் தன் பட்டையைக் காட்டினாள். பச்சை. அவளுக்கு எப்போதும் பச்சைதான். வயது ஐம்பத்திரண்டு, நின்றுபோய் மூன்று வருஷம்.

"பாக்கியக்காவுக்கு இன்னாபா" என்று வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "கதவு அவங்களுக்கு அம்மா வூடு மாதிரி. எப்போ வந்தாலும் தொறந்துகினு கீது."

சிரிப்பு. தனபாக்கியம் சிரிக்கவில்லை. அந்தச் சிரிப்பில் பாதி வயிற்றெரிச்சல் என்று அவளுக்குத் தெரியும். நியாயமான வயிற்றெரிச்சல்.

கொளத்தூரில் வண்ண மீன் வளர்க்காத தெருவைத் தேடித்தான் பார்க்க வேண்டும். தனபாக்கியமும் மொட்டை மாடியில் சிமெண்டுத் தொட்டி கட்டி, பொன்மீனும் ஃபைட்டரும் வளர்த்து வயிறு கழுவியவள்தான். பிறகு அந்தக் களிம்பு வந்தது. ஆக்ஸலாட்டல் என்று ஒரு பிராணி. கொளத்தூர் வாய்க்குள் அந்தப் பெயர் நுழையவில்லை. எப்போது பார்த்தாலும் சிரிக்கிற மாதிரி வாய் இருப்பதால் 'சிரிப்பு மீன்' என்று வைத்துவிட்டார்கள். உண்மையில் மீன் இல்லை, தவளைக்குத்தான் சொந்தம். நாலு கால், தலையின் இரண்டு பக்கமும் மூன்று மூன்று இறகுச் செவுள். காலை வெட்டினால் கால் முளைக்கும், வாலை வெட்டினால் வால் முளைக்கும். அந்த முளைக்கிற சத்து அதன் முட்டையைச் சுற்றியிருக்கும் வழவழப்புக் கூட்டில் இருப்பதை எவனோ கண்டுபிடித்துவிட்டான். குஞ்சு உயிரோடு வெளியே வந்தால்தான் கூட்டில் சத்து பழுக்கும். அந்தக் கூட்டை வாரியெடுத்துத்தான் கம்பெனி களிம்பு செய்கிறது. மெஷினில் போன விரலுக்குப் பூசினால் மூன்றே மாதத்தில் நகத்தோடு முளைக்கிறது.

அதனால் கொளத்தூரில் மூன்று மாடிக் கட்டடம் எழுந்தது. மேல் மாடியில் முட்டை அறை, உள்ளே எட்டுத் தொட்டிகள், அவற்றைப் பார்த்துக்கொள்ள ஐம்பது பெண்கள். பெரிய ஜோடிகளைக் கீழே வைத்து இணை சேர்த்து, முட்டையிட்டதும் பிரித்து மேலே கொண்டுவருவார்கள். பிரிக்காவிட்டால் பெற்றதே தின்றுவிடும். மேலே ஒவ்வொருத்திக்கும் தட்டுத் தட்டாக முட்டை. வெளுத்துப் பூஞ்சை பிடித்த முட்டையை இங்க் ஃபில்லரால் உடனே உறிஞ்சியெடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பக்கத்து முட்டையும் போய்விடும். எடுத்ததும் டேப் திரையில் 'காரணம்' என்ற கட்டத்தை நிரப்ப வேண்டும். நிரப்பினால்தான் அடுத்த வேலைக்கு விடும்.

போன வருஷம்தான் இந்தக் கதவு வந்தது. மாதவிடாய் நாட்களில் பெண் கை பட்டால் முட்டை வெளுக்கிறது என்று கம்ப்யூட்டர் கண்டுபிடித்துவிட்டதாம். மாதம் நாலு நாளாவது கதவு திறக்காது. ஆறு மாதம் தொடர்ந்து நாலு நாளுக்கு மேல் இடைவெளி விழுந்தால் தட்டுகள் வேறு கைக்குப் போய்விடும். கம்பெனி ரொம்ப நல்ல கம்பெனி, வழியும் அதுவே சொன்னது. இலவச முகாம். கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் இடைவெளியே இல்லை. பதினொரு பேர் எடுத்துக்கொண்டாயிற்று. வரும் வெள்ளிக்கிழமைப் பட்டியலில் முதல் பெயர் கோமளவல்லி, வயது இருபத்தொன்பது.

படிக்கட்டில் உட்கார்ந்திருந்த கோமளாவிடம் பத்து மணிக்கு டீயோடு வந்தாள் தனபாக்கியம்.

"வேணாண்டி. பிரேமாவப் பாரு. முப்பத்து மூணு வயசு. மார்கழிப் பனில விசிறிக்கினு நிக்கிறா. இடுப்ப புடிச்சிக்கினு ஏணி ஏறுறா."

"உனக்கென்னக்கா, சொல்லுவ. உனக்கு நின்னு போச்சு. இது ஆறாவது மாசம். தட்டு போயிடுச்சுன்னா நான் எங்க போவேன்? உன் மச்சினரு மாசத்துல இருவது நாள் லாரில."

"ஏகாம்பரத்துகிட்ட சொன்னியா?"

"இன்னான்னு சொல்றது? இன்னொண்ணு பெத்துக்கலாமான்னு கேட்டுக்கினே இருந்தாரு. நானும் யோசிச்சிக்கினே இருந்தேன்." கோமளா டீயைக் குடிக்காமல் கண்ணாடி டம்ளரையே பார்த்தாள். "இப்போ கதவு யோசிச்சு முடிச்சிடுச்சு."

தனபாக்கியத்துக்கு உச்சந்தலை வரை சுர்ரென்று ஏறியது. யாரை அடிப்பது என்று தெரியாத கோபம்தான் பொல்லாதது. பாத்திரத்தில் போய் முடியும், இல்லையென்றால் பெற்ற பிள்ளை முதுகில் முடியும்.

அன்று மத்தியானம் கதவைப் பழுது பார்க்க ஒரு பெண் வந்தாள். ஜெசிந்தா, சாஃப்ட்வேர் எஞ்சினியர், நாகர்கோவில் பக்கம். கதவின் பக்கத்துப் பலகையைக் கழற்றி வைத்துக்கொண்டு தரையில் சம்மணம் போட்டிருந்தாள். தனபாக்கியம் போய் அவள் தலைமேல் நின்றாள்.

"ஏம்மா, பொம்பள கை பட்டா முட்டை வெளுக்கும்னு கண்டுபுடிச்ச மகராசன் யாரு? அவன் மூஞ்சிய ஒரு தபா பாக்கணும்."

"யாரும் கண்டுபிடிக்கலம்மா. பழைய நோட்டுகளைப் படிச்சு அதுவா கத்துக்கிட்டது."

"இன்னா நோட்டு?"

"இங்க முதல்ல இதை வளர்த்தவங்க யாரோ தினமும் எழுதி வச்சிருக்காங்க. பதினாலு நோட்டு. தேதி, தொட்டி, எத்தனை முட்டை, எத்தனை வெளுத்தது, காரணம். ரொம்ப நேர்த்தியா எழுதியிருக்காங்க. அதுலேர்ந்துதான் எல்லாமே."

தனபாக்கியம் மெதுவாக உட்கார்ந்தாள். நீல அட்டை போட்ட பதினாலு நோட்டுகள். கம்பெனிக்காரர்கள் கேட்டபோது பெருமையாகத் தூக்கிக் கொடுத்தவள் அவள்தான். பதிலுக்கு ஒரு சால்வை போர்த்தி, போட்டோ எடுத்து, 'கைராசிக்காரர்' என்று கீழே எழுதி மேனேஜர் அறையில் மாட்டியிருந்தார்கள்.

"அது என் நோட்டுமா. நான் அப்படி ஒரு வார்த்த எழுதலியே."

ஜெசிந்தா டேப்பைத் திறந்து தேய்த்துத் தேய்த்து ஒரு பக்கத்தைக் காட்டினாள். வலப்பக்கம் சாய்ந்து ஓடுகிற கையெழுத்து. அவளுடையதேதான்.

*ஏழாம் தொட்டி. முட்டை 410. வெளுத்தது 290. காரணம்: தூரம்.*

அதற்குக் கீழே கம்பெனிக்காரர்கள் தட்டச்சு செய்த வரி.

*காரணம்: மாதவிடாய்.*

அடுத்த பக்கம். எட்டாம் தொட்டி, தூரம். மாதவிடாய். அதற்கடுத்த பக்கம். ஏழாம் தொட்டி, தூரம். மாதவிடாய்.

"அடக் கடவுளே" என்றாள் தனபாக்கியம்.

இப்போது எல்லாத் தொட்டிக்கும் ஓடுகிற இந்தக் குளிர்குழாய் அப்போது ஏது? சிரிப்பு மீனுக்குச் சூடு ஆகாது. மெட்ரோ தண்ணீரை இரண்டு நாள் ஆறவைத்து, காசிமேட்டிலிருந்து ஐஸ் பாளம் வரவழைத்து, வாசல் பக்கம் தெர்மோகோல் பெட்டியில் போட்டு, அதிலிருந்து ட்யூப் விட்டுத் தொட்டி தொட்டியாகக் குளிர்த் தண்ணீர் ஓட்டினாள். ஒன்றாம் தொட்டிக்கு ஜில்லென்று போகிற தண்ணீர் ஏழாம் தொட்டிக்குப் போவதற்குள் வெந்நீர். ஐஸ் பெட்டிக்குத் தூரம். அதைத்தான் எழுதினாள். ஒரே வார்த்தை.

"ஏம்மா, நீ படிச்ச பொண்ணு, நீயே சொல்லு. அதே நாள் ஒண்ணாம் தொட்டி பாரு. முட்டை நல்லா கீது. ரெண்டாவது நல்லா கீது. ஏழும் எட்டும் வெளுத்துச்சு. ஏழாம் தொட்டிக்கு மட்டும் நான் தூரமாவேனா? ஒண்ணாம் தொட்டிகிட்ட வந்தா குளிச்சிட்டேன்னு அர்த்தமா?"

ஜெசிந்தா பக்கங்களை முன்னும் பின்னும் தள்ளினாள். அவள் முகம் மாறிக்கொண்டே போனது.

"அதுக்கு இதெல்லாம் தெரியாதும்மா" என்றாள் கடைசியில். "அது எண்ணும். யோசிக்காது. காரணம்னு கட்டத்துல என்ன இருக்கோ அதை நம்பும். அதிகமா எது வருதோ அதுக்குக் கதவைப் பூட்டும்."

"அப்போ மாத்து."

"நான் மாத்த முடியாது. மேனேஜர் 'கதவு தப்பா பூட்டுது'ன்னு கைப்பட எழுதிக் கொடுத்தா மட்டும்தான் மறுபடி சோதிப்பாங்க. ஊழியர் சொன்னா எடுத்துக்க மாட்டாங்க."

"நோட்டுல இந்த அச்செழுத்தப் போட்டது யாரு?"

ஜெசிந்தா டேப்பை அவள் பக்கம் திருப்பினாள். பக்கத்தின் ஓரத்தில் சின்னதாக ஒரு பெயர் இருந்தது. ப. நவநீதன்.

அந்த நவநீதன்தான் இப்போது மேனேஜர். திண்டிவனத்துப் பையன். டைப் அடிக்க வந்து, படிப்படியாக ஏறி, இரண்டாம் மாடியில் கண்ணாடி அறையில் உட்கார்ந்திருக்கிறான். தனபாக்கியம் போனபோது தயிர் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவள் சொல்லி முடிக்கும்வரை கை அப்படியே டப்பாவில் நின்றது.

"ஐஸ் பெட்டிக்குத் தூரமா?" என்றான்.

"ஆமா. வேற எதுக்கு?"

அவன் கையைக் கழுவிக்கொண்டு வந்தான். முகம் வெளிறியிருந்தது. அவனைப் பார்த்தால் பொய் சொல்கிறவன் மாதிரி இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிந்தது.

"எங்கம்மா மாசம் மூணு நாள் கொல்லைல உக்காந்துகிட்டு, 'நான் தூரம்டா, கிட்ட வராத'ன்னு சொல்வாங்கக்கா. தூரம்னா எனக்கு அது ஒண்ணுதான் தெரியும்."

"என்ன ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே தம்பி. நாலு தெரு தள்ளித்தான இருந்தேன்."

"எப்படிக்கா கேக்கறது? பொம்பளைங்க சமாச்சாரம்."

"கேக்கறதுக்கு வெக்கமாப் போச்சு. கதவுல எழுதி ஒட்டறதுக்கு வெக்கமா இல்ல, இல்ல?"

அவன் எழுந்துபோய்க் கண்ணாடிக் கதவைச் சாத்தினான்.

"அக்கா, மெதுவா. கதவு வந்தப்புறம் வெளுப்பு பாதியா கொறஞ்சிருக்கு. அதையும் பாக்கணுமில்ல?"

"கதவு வந்த அதே மாசந்தான் எட்டாம் தொட்டி வரைக்கும் குளிர்குழாய் போட்ட! எவன் குறைச்சான், கதவா, குழாயா?"

அவனுக்குப் புரிந்தது. கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. புரிந்துவிட்டது, ஆனால் வெளியே வராது.

"எழுதிக் குடு தம்பி. கதவு தப்புன்னு ஒரு வரி. வெள்ளிக்கிழம நாலு பொண்ணுங்க போவுதுங்க."

"எழுதினா தப்பு யாருதுன்னு கேப்பாங்க. என்னுது. அஞ்சு ஊர்ல இதே கதவு போட்டிருக்காங்கக்கா, என் டைப்ப நம்பி. எனக்கும் ரெண்டு கொழந்தைங்க."

"பதினோரு பேரு வயித்தக் கிழிச்சிட்டியேடா!"

"நான் கிழிக்கல. அவங்களா கையெழுத்துப் போட்டாங்க. யாரையும் கட்டாயப்படுத்தல."

"வெட்டின விரலு மொளைக்குதாமே உன் களிம்புல. வெட்டின கர்ப்பப்பை மொளைக்குமா?"

"அது இன்னும் ஆராய்ச்சில இருக்குக்கா" என்றான் நவநீதன், நிஜமாகவே பதில் சொல்கிறவன் மாதிரி.

அதற்குமேல் பேசினால் கை நீண்டுவிடும் என்று அவளுக்குப் பட்டது. சுவரில் சால்வையோடு சிரித்துக்கொண்டிருந்த தன் போட்டோவை ஆணியோடு பிடுங்கினாள். "இது என் மூஞ்சி. இங்க இருக்க வேணாம்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

வீட்டில் கோமளாவிடம் எல்லாவற்றையும் சொன்னபோது, அவள் முதலில் நம்பவில்லை. பிறகு சிரித்தாள். பிறகு அந்தச் சிரிப்பு எங்கேயோ போய் அழுகையில் முட்டிக்கொண்டது.

"உன் கையெழுத்தாக்கா? உன் கையெழுத்தா என்ன ஆபரேஷன் டேபிள் வரைக்கும் தள்ளினது?"

"ஆமாண்டி. அதனாலதான் சொல்றேன். எனக்குப் பதினெட்டு நாள் குடு. முட்டை பொரிக்கிற நாளு. எட்டாம் தொட்டில உன் தட்டு. நீயே பாத்துக்க, இந்த நாலு நாளும் சேத்து. வெளுத்துப் போச்சுன்னா நானே உன்ன முகாமுக்குக் கூட்டிக்கினு போறேன்."

"கதவு?"

தனபாக்கியம் கோமளாவின் மணிக்கட்டிலிருந்து பட்டையைக் கழற்றித் தன் இடது கையில் மாட்டிக்கொண்டாள். வலது கையில் ஏற்கெனவே தன்னுடையது. ஏறாத, இறங்காத, ஐம்பத்திரண்டு வயது உடம்பின் ஒரே சீரான சூடு இரண்டுக்கும். மேலே கண்ணாடி வளையலை டஜன் கணக்கில் அடுக்கினாள்.

"வெள்ளிக்கிழமைக்குப் பேரு குடுத்திட்டேனேக்கா."

"பேரு இருக்கட்டும். ஆளு போவாத."

மறுநாள் காலை தனபாக்கியம் கதவிடம் வலது கையைக் காட்டினாள். பச்சை. இடது கையைக் காட்டினாள். பச்சை. கோமளா வெறுங்கையோடு அவள் முதுகில் ஒட்டிக்கொண்டு உள்ளே போனாள். வரிசையில் நின்ற பெண்கள் எல்லாரும் பார்த்தார்கள். நேற்று கிண்டல் பண்ணியவள்தான் இருமுகிற சாக்கில் காமிராவுக்குக் குறுக்கே நின்றாள்.

கீழே அன்றைக்கு ஒரு ஜோடி சேர்ந்திருந்தது. ஆண் அடித்தரையில் வெள்ளை வெள்ளையாய் விந்துக் கூம்பு விட்டுப் போக, பெண் அதன்மேல் ஊர்ந்து எடுத்துக்கொண்டு, பிளாஸ்டிக் புல்லில் ஒவ்வொன்றாய் ஒட்டவைத்த முட்டை. மொத்தம் அறுநூற்று நாற்பது. கோமளா புல்லோடு தூக்கி எட்டாம் தொட்டியில் வைத்தாள். அவளுக்கு மத்தியானமே வந்துவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே ஃபில்லரை எடுத்தாள்.

மூன்றாம் நாள் பதினாலு வெளுத்தது. கோமளா தனபாக்கியத்தைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"அது கருவே புடிக்காத முட்டைடி. எந்த ராணி கை பட்டாலும் அது வெளுக்கும். எடுத்துப் போட்டுட்டு மத்ததப் பாரு."

வெள்ளிக்கிழமை வந்தது. முகாம் வண்டி தெருமுனையில் வந்து ஹாரன் அடித்தது. மூன்று பெண்கள் ஏறினார்கள். அவர்களிடமும் தனபாக்கியம் போய்க் கெஞ்சினாள்தான். "உங்களுக்குப் பட்டை ரெண்டு இருக்கு, எங்களுக்கு யாரு மாட்டிக்குவா?" என்று கேட்டாள் ஒருத்தி. நர்ஸ் பட்டியலைப் பார்த்துக் கோமளவல்லி, கோமளவல்லி என்று இரண்டு தரம் கூப்பிட்டாள். டிரைவர் அவசரப்பட்டான். வண்டி போய்விட்டது. பட்டியலில் எல்லாப் பெயருக்கும் நேரே சேர்த்து நர்ஸ் 'முடிந்தது' என்று ஒரே கோடாகக் கிழித்ததை யார் கண்டார்கள்?

எட்டாம் நாள் முட்டைக்குள் கால்புள்ளி மாதிரி வளைந்து ஒன்று தெரிந்தது. பன்னிரண்டாம் நாள் கண். பதினைந்தாம் நாள் தட்டை லேசாகத் தட்டினாலே உள்ளே துள்ளின. பதினெட்டாம் நாள் காலையில் கோமளா போய்ப் பார்த்தபோது, கண்ணாடி நூல் மாதிரி குஞ்சுகள் கூட்டைக் கிழித்துக்கொண்டு வந்துகொண்டே இருந்தன. நெல்லின் நீளம்தான் இருக்கும், அதற்குள் தலையில் இறகு. சாயங்காலம் எண்ணி முடித்தபோது அறுநூற்றுப் பதினொன்று.

"அறுநூத்திப் பதினொண்ணு" என்றாள் கோமளா. மறுபடியும் சொன்னாள். பிறகு ஈரக் கையாலேயே தனபாக்கியத்தைக் கட்டிக்கொண்டாள். "எட்டாம் தொட்டிக்கா. தூரத் தொட்டி."

மறுநாள் நவநீதன் கையில் இனிப்புப் பெட்டியோடு மேலே வந்தான். எல்லாப் பெண்களையும் கூப்பிட்டு நிறுத்தினான். அவன் முகத்தில் நிம்மதி, திருடன் கையில் திருட்டு வாட்சுக்கு ரசீது கிடைத்த மாதிரி.

"எல்லாரும் கேளுங்க. இந்தக் கட்டடத்துலயே இதுவரைக்கும் இல்லாத பொரிப்பு. நம்ம கோமளா தட்டு. கம்ப்யூட்டரே பாராட்டி அனுப்பியிருக்கு." போனைப் பார்த்துப் படித்தான். "'சிகிச்சைக்குப் பின் ஊழியரின் உடல்நிலை இரண்டு வாரங்களாகச் சீராக உள்ளது. பொரிப்பு தொண்ணூற்றைந்து சதவீதம். இச்சிகிச்சை அனைத்துப் பெண் ஊழியருக்கும் பரிந்துரைக்கப்படுகிறது.'"

ஒரு நிமிஷம் யாருக்கும் எதுவும் விளங்கவில்லை. முதலில் விளங்கியது தனபாக்கியத்துக்குத்தான். பட்டியலில் பெயர் இருந்தது. பட்டையில் ஏற்ற இறக்கமே இல்லை. கம்ப்யூட்டர் எண்ணியது, கூட்டியது, முடித்தது. கோமளாவைக் காப்பாற்றப் போட்ட இரண்டாவது பட்டை, மிச்சம் முப்பத்தைந்து பேர் கழுத்தில் விழுந்துவிட்டது.

"அவ ஆபரேஷனே பண்ணிக்கலடா!" என்று கத்தினாள். வளையல்களை மேலே தள்ளி இரண்டு கையையும் அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். "பாரு. ரெண்டும் என் கைல. நாலு நாளும் தூரத்தோடதான் அவ முட்டையத் தொட்டா. அறுநூத்திப் பதினொண்ணு!"

நவநீதன் இரண்டு பட்டைகளையும் பார்த்தான். கோமளாவைப் பார்த்தான். இனிப்புப் பெட்டியை மெதுவாக ஜன்னல் திட்டில் வைத்தான்.

"இதை நான் பாக்கலக்கா" என்றான் தாழ்ந்த குரலில். "பாத்தா ரெண்டு பேரையும் நிறுத்தணும். தலைமை ஆபீசுக்குக் கணக்கு போயிடுச்சு. அடுத்த மாசக் கடைசி வெள்ளிக்கிழமை பெரிய முகாம். நான் ஒண்ணும் பண்ண முடியாது. மெஷினுக்குக் காரணக் கட்டத்துல இருக்கறதுதான் சாமி வாக்கு."

சொல்லிவிட்டு, வழக்கம்போல எட்டுத் தொட்டியையும் ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டுப் போனான். தினமும் பதினோரு மணிக்கு அந்தச் சுற்று. அவனுக்குக் கைப்பட்டை கிடையாது, சட்டையில் தொங்குகிற அட்டையைக் காட்டினால் போதும்.

பெண்கள் அழுதார்கள். சிலர் தனபாக்கியத்தைத் திட்டினார்கள். "உன் நோட்டு ஒரு தபா கெடுத்துச்சு, உன் கை ரெண்டாவது தபா கெடுத்துச்சு" என்றாள் பிரேமா, இடுப்பைப் பிடித்துக்கொண்டு. தனபாக்கியம் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். தொட்டி விளிம்பில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்தாள். அறுநூற்றுப் பதினோரு குஞ்சுகளும் சிரித்த வாயோடு மிதந்தன.

"சாமி வாக்கு" என்று முணுமுணுத்தாள். பிறகு நிமிர்ந்தாள். "ஏண்டி, நாளைக்கு உங்க தட்டுல ரெண்டு முட்டை வெளுக்கும் இல்ல?"

"அது தினம் வெளுக்கறதுதானே" என்றாள் பிரேமா.

"காரணம் இன்னா எழுதுவ?"

"இன்னாத்த எழுதறது? தெரிலன்னு."

"இனிமே தெரியும்னு எழுது. 'சார் உள்ள வந்தாரு'ன்னு எழுது."

"பொய்யாக்கா எழுதச் சொல்ற?"

"எதுடி பொய்? அவன் தினம் வரான். முட்டை தினம் வெளுக்குது. ரெண்டும் நெசந்தான? அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டா இல்லியான்னு அது யோசிச்சிக்கட்டும். அதான் ரொம்ப அறிவாளி ஆச்சே."

கோமளாதான் முதலில் சிரித்தாள்.

அடுத்த நாளிலிருந்து ஐம்பது பெண்களின் டேப்பிலும் ஒரே கட்டம், ஒரே வரி. சார் வந்தார். சார் எட்டிப் பார்த்தார். சார் தட்டைத் தொட்டார். மழை வந்தால்கூட, 'மழையில் சார் வந்தார்'. ஒருத்திகூட வரி தவறவில்லை. சாம்பிராணி போடுகிற சிரத்தையோடு எழுதினார்கள்.

நாட்கள் ஓடின. பெரிய முகாமுக்கு இரண்டு நாள்தான் மிச்சம். வண்டி வேறு வந்து வாசலில் ஒத்திகை பார்த்துவிட்டுப் போனது. புதன்கிழமை காலை பதினோரு மணிக்கு, நவநீதன் வழக்கம்போல மாடியேறி வந்து அட்டையைக் காட்டினான்.

சிவப்பு.

துடைத்துவிட்டு மறுபடியும் காட்டினான்.

"அன்பான சகோதரி, இன்று நீங்கள் ஓய்வெடுக்கலாம்" என்றது கதவு.

உள்ளே இருந்த எல்லாரும் வேலையை நிறுத்தினார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நவநீதனின் காது சிவந்துகொண்டு வந்தது. அட்டையைத் திருப்பிக் காட்டினான், உதறிக் காட்டினான். அன்பான சகோதரி, அன்பான சகோதரி. அதற்குத் தெரிந்தது அந்த ஒரு வரிதான்.

"யாராவது தொறங்க!"

தனபாக்கியம் ஃபில்லரைக் கீழே வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, நிதானமாகக் கண்ணாடியருகில் வந்தாள். நவநீதன் போனில் என்னவோ பார்த்துவிட்டுத் தலையைத் தூக்கினான். கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

"என்னாலதான் முட்டை வெளுக்குதுன்னு போட்டிருக்குக்கா! ஆயிரத்து எழுநூறு தரம்! சார்னா ஆம்பளைன்னு எடுத்துக்கிச்சாம், அஞ்சு ஊர்லயும் ஆம்பளைங்களுக்குக் கதவு தொறக்கலையாம். தலைமை ஆபீஸ் பெரியவரே இன்னைக்கு இன்னொரு ஊர்ல கதவுக்கு வெளில நிக்கிறாராம். நான் என்ன பண்ணேன்? சும்மா வந்தேன், பாத்தேன், போனேன். எவளோ கட்டத்துல ஒரு வார்த்த எழுதிட்டா அதுவே காரணம் ஆயிடுமா? ஒரு மெஷின் அத நம்பி மனுஷன வெளில நிறுத்துமா? இது அநியாயம் இல்லியா?"

"அநியாயந்தான் தம்பி."

"கதவு தப்பா பூட்டுதுக்கா!"

"அதான். அதே வரி. உன் கைப்பட எழுது, இப்பவே. கதவப் பாக்க ஜெசிந்தா வந்து கீழதான் கீது, அதுகிட்ட குடு." தனபாக்கியம் குரலை உயர்த்தவேயில்லை. பின்னால் கோமளா தட்டின்மேல் குனிந்து, அடுத்த முட்டையை எடுத்துக்கொண்டிருந்தாள். "அதுவரைக்கும் கிட்ட வராத. கொஞ்சம் தூரமா நில்லு."